டெஸ்டர் வைக்காத முட்டை

அக்காவுக்கு என்மேல் கோபம். தன் கணவருக்குக் கிடைத்த பெரிய வேலையை நான் கெடுத்துவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். நியாயமான பயம்தான். கெடுக்கத்தான் நான் கிளம்பியிருந்தேன்.

ஊருக்கு வெளியே இருக்கும் குகைக்குள் சுற்றுலா வருபவர்களுக்காக விளக்குப் போட வேண்டும். கூரைப் பாறையில் வரிசையாகத் துளை போட்டு, வயர் இழுத்து, கலர் கலராக எரியவிட வேண்டும். எலெக்ட்ரீஷியன் எங்கள் மாமா, அதாவது அக்கா கணவர். அந்தக் கூரையில்தான் என் உழவாரக் குருவிகள் கூடு கட்டியிருந்தன. 'என்' என்று சொல்ல எனக்கு உரிமை இல்லைதான். ஆனால் அவற்றை ஆராய்ச்சி செய்கிறேன் என்று வருடக்கணக்கில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கி, தலையெல்லாம் எச்சம் வாங்கியவளுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?

கையில் அடங்கிவிடும் குருவி. கிளையில் உட்கார அதன் கால் உதவாது, பாறையில் நகத்தால் தொற்றிக்கொள்ளத்தான் தெரியும். கும்மிருட்டில் 'டிக் டிக்' என்று சத்தம் கொடுத்து, அது பாறையில் பட்டுத் திரும்புவதைக் கேட்டே வழி கண்டுபிடிக்கும். எச்சிலைப் பசையாக்கி, காய்ந்த புல்லை ஒட்டிக் கூடு கட்டும். பக்கத்தில் டிரில் ஓடினால் அந்தப் பசை தாங்காது.

குஞ்சுகள் பறக்கும்வரை கை வைக்க மாட்டோம் என்று குகை மேனேஜர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது குஞ்சுகளுக்கு இறக்கை நன்றாக வளர்ந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். வயர் கட்டுகள் குகை வாசலில் வந்து இறங்கின.

"இன்னும் ஒரு வாரத்துல எல்லாம் பறந்துடும் மேடம். அப்புறம் வேலையை ஆரம்பிச்சுடுவோம். சந்தோஷம்தானே?" என்றார் மேனேஜர்.

"சார், ஒவ்வொரு குஞ்சுக்கு அடியிலயும் ஒரு முட்டை இருக்கு."

"இருக்கட்டுமே, அது கூமுட்டை. கூடப் பொறந்தது பறக்கவே போகுது, அது இன்னும் பொரியலைன்னா வேற என்னவாம்?"

மாமாவும் தலையாட்டினார். "அவர் சொல்றது சரிதாம்மா. கோழி வளர்த்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

"கோழி கதை வேற மாமா. இது முதல்ல ஒரே ஒரு முட்டைதான் போடும். அந்தக் குஞ்சு வளர்ந்தப்புறம்தான் ரெண்டாவது. அப்பாவும் அம்மாவும் பூச்சி பிடிக்கப் பகலெல்லாம் வெளியே போயிடும். பெரிய குஞ்சுதான் முட்டைமேல உட்கார்ந்து சூடு கொடுக்கும். அண்ணன் பறக்குற நேரத்துலதான் தம்பி வெளிய வருவான்."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "குஞ்சு அடைகாக்குதா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

எனக்கு எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும் கோபம் தலைக்கு ஏறியது. அவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்ததால் மாமா பக்கம் திரும்பினேன்.

மாமாவிடம் ஒரு பழக்கம் உண்டு. மெயினை அணைத்தாயிற்று என்று ஊரே சத்தியம் செய்தாலும், டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்த வயரையும் தொட மாட்டார். அவருடைய கூட்டாளி ஒருவர், யாரோ சொன்னதை நம்பித் தொட்டு, அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து வீட்டில் ஸ்விட்ச் மாற்றினாலும் இதே சடங்குதான். 'கரண்ட் இருக்கு' என்று மாமா சொல்லிவிட்டால் அக்காகூட வாயைத் திறக்க மாட்டாள்.

"மாமா, வயர் செத்துப்போச்சுன்னு அடுத்தவங்க சொன்னா தொடுவீங்களா?"

"விளையாடுறியா? தொட மாட்டேன்."

"அப்ப முட்டை செத்துப்போச்சுன்னு அவர் சொன்னா மட்டும் எப்படி நம்புறீங்க? டெஸ்டர் வச்சீங்களா?"

மாமா முகம் சிவந்துபோனது. என்னை முறைத்தார். பிறகு கருவிப் பெட்டியைத் திறந்தார்.

முட்டைக்குப் பின்னால் வெளிச்சம் காட்டினால் உள்ளே இருப்பது தெரியும் என்று சொன்னேன். அரிசி அளவு பல்பு ஒன்றை மெல்லிய வயரின் நுனியில் சேர்த்து, மறுநுனியை டார்ச் பேட்டரியில் இணைத்தார். பல்பில் ஊசிமுனை அளவு மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கறுப்பு டேப்பால் சுற்றினார். சூடாகிறதா என்று தன் உதட்டில் வைத்துப் பார்த்தார். நான் ஏணியில் கால் வைத்ததும் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"கோபத்தோட ஏறாத. நான் ஏறுறேன், நீ சொல்லு."

ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த முட்டை நிஜமாகவே கூமுட்டையாக இருந்துவிட்டால்? எல்லாக் கூட்டிலும் டிரில் பாயும்.

"கூட்டைத் தொடாதீங்க. குஞ்சு தானா நகரும்."

மாமா ஏறி நெருங்கியதும் குஞ்சு கூட்டை விட்டுப் பாறையில் தொற்றி ஏறியது. மாமா பல்பை முட்டையின் பக்கவாட்டில் கொண்டுபோனார். கண்ணை முட்டைக்கு அருகே கொண்டுபோனார்.

"மாமா?"

"சிவப்பா நரம்பு ஓடுதும்மா." பல்பை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "நடுவுல கறுப்பா ஒண்ணு... அசையுது."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாமா விளக்கை எடுத்ததும் குஞ்சு இறங்கிவந்து, முன்போலவே முட்டைமேல் அமர்ந்துகொண்டது.

கீழே வந்தவர் மேனேஜரிடம், "இந்த வேலை இப்ப ஆகாது சார்" என்றார்.

"நீங்க இல்லைன்னா வேற ஆள் வச்சுக்கிறேன்."

"தாராளமா வச்சுக்கோங்க. ஆனா யார் வந்தாலும் முதல்ல மேல ஏறிப் பார்க்கணும். ஏணியை நான் பிடிச்சுக்கிறேன். இப்ப நீங்க ஏறுறீங்களா?"

மேனேஜர் அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், வழியை மறித்து நிற்கும் மாமாவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு முனகிக்கொண்டே ஏறினார். இறங்கியபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. விழாவைத் தள்ளிப்போட யாரிடம் பேசுவது என்று போனைத் துழாவிக்கொண்டே வெளியே போனார்.

மாலையில் வயர் கட்டுகளோடு வீடு திரும்பிய எங்களைப் பார்த்ததும் அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"கெடுத்துட்டாளா? நான் அப்பவே சொன்னேன்ல..."

மாமா டெஸ்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கரண்ட் இருக்கு" என்றார்.

அக்கா வாயை மூடிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் தட்டு எடுத்து வைத்தாள்.