அண்ணனை அடித்த நாள்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைச் சலவையம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பகலெல்லாம் யார் யாரோ படுத்த விரிப்புகளைத் துவைத்துப்போட்டு, இடுப்பு ஒடிய வீடு வந்தால், பக்கவாதத்தில் விழுந்த அண்ணனின் விரிப்பு அங்கே காத்திருக்கும். நல்லாயிருந்த காலத்திலேயே அண்ணனுக்கு நாக்கு தேள்கொடுக்கு. பாதி வாய் கோணிய பிறகும் மீதிப் பாதியால் அவளை ஏசிக்கொண்டுதான் இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊட்டிய கஞ்சியை அவர் அவள் முகத்திலேயே துப்பினார். அவள் கை எழுந்து அவர் கன்னத்தில் இறங்கிவிட்டது. அவர் அழவில்லை, ஏசவும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்ப முயன்று, முடியாமல், கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஏசியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று அவள் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. மத்தியானம் போதகரே வந்தார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப் போய், அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுப்பது அவர் வழக்கம். படியேறிய களைப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. அவரை அண்ணனிடம் விட்டுவிட்டு, அவள் அடுக்களையில் விளக்கிய பாத்திரத்தையே திரும்ப விளக்கினாள்.

"நீயும் வாம்மா," என்று போதகர் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணனுக்கு மட்டும் குடுங்க ஐயா. எனக்கு வேணாம்."

"ஏன்?"

"காலைல அவர அடிச்சுட்டேன். கை தவறி இல்ல, மனசாரத்தான் அடிச்சேன். நாளைக்கு அடிக்க மாட்டேன்னு சத்தியமும் பண்ண முடியாது. இந்தக் கையால எப்படி வாங்குறது?"

போதகர் நிலைப்படியில் சாய்ந்துகொண்டார்.

"இன்னிக்குப் பிரசங்கத்துக்குக் கெளம்புறப்ப என் வீட்டுக்காரிய நான் பேசின பேச்சக் கேட்டிருந்தா, நீ என்னை உள்ளயே விட்டிருக்க மாட்டே. சுத்தமான கைதான் வேணும்னா, இதக் குடுக்கவும் ஆள் இருக்காது, வாங்கவும் ஆள் இருக்காதும்மா. ஆண்டவர் நம்ம லட்சணம் தெரிஞ்சுதான் கூப்பிடுறாரு."

உள்ளேயிருந்து அண்ணனின் குழறல் கேட்டது. "அவளுக்கு... மொதல்ல குடுங்க. நாந்தானே... துப்பினேன்."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றாள். அப்பத்தை வாங்கினாள். பாரம் இறங்கியதாகவெல்லாம் தோன்றவில்லை. இடுப்புவலி அப்படியேதான் இருந்தது. ஆனாலும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "வலிச்சுதாண்ணே?" என்று கேட்டாள்.

"வலிச்சுது."

"மன்னிச்சிடு."

அவர் நல்ல கையை நகர்த்தி அவள் மணிக்கட்டின்மேல் வைத்தார்.

"நீ போய்ப் படும்மா. சாயங்காலம் வரைக்கும் நான் இவரப் பாத்துக்கறேன்," என்றார் போதகர்.

பக்கத்து அறையில் அவள் தலையைச் சாய்த்தாள். தலையணை வைக்கத் தெரியவில்லை என்று அண்ணன் போதகரை ஏசுவது கேட்டது. கொஞ்சம் அவரும் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தபடியே தூங்கிப்போனாள்.