முதல் நோன்பும் ஹாஜியார் மாத்திரையும்

நோயாளியிடம் பேசுவது எப்படி என்று எங்கள் மருந்தியல் கல்லூரியில் ஒரு பாடம் உண்டு. அதில் எனக்கு இருபதுக்குப் பத்தொன்பது. வகுப்பிலேயே அதுதான் அதிகம். கூடப் படிக்கிற ஷாதி இருமல்காரனாக நடித்தான், நான் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு பெயர், வயது, ஒவ்வாமை, வேறு மருந்து என்று ஒன்றுவிடாமல் கேட்டேன். அந்த ஒரு மதிப்பெண் எதற்குக் குறைந்தது என்று ஒரு வாரம் பொருமிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தக் கோடையில்தான் எகிப்தின் கடலோரத் தும்யாத்தில், எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, டாக்டர் சுஹைரின் மருந்துக்கடையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். எங்கள் ஊரில் மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறவர்கள் எல்லாருமே டாக்டர்தான். படித்து முடித்தாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. வந்த மூன்றாம் நாளே நான் "டாக்டரம்மா" ஆகிவிட்டேன். பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

நோன்புக்கு முந்தின நாள் கடையில் திருவிழாக் கூட்டம். நெஞ்செரிச்சல் மாத்திரை, தலைவலி மாத்திரை, ஊரே முப்பது நாளைக்கும் வாங்கிக் குவித்தது. அந்த நெரிசலில்தான் ஹாஜியார் மித்வல்லி வந்தார். பின்தெருவில் கட்டில், பீரோ செய்கிற பெரிய பட்டறை அவருடையது. கூடவே அவர் ஆட்கள் இரண்டு பேர். சர்க்கரை வியாதிக்காரர். மருத்துவர் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு வீரியமான புது மாத்திரை எழுதியிருந்தார். காலை ஒன்று, மாலை ஒன்று. சீட்டின் தேதியைப் பார்த்தால் பத்து நாள் பழசு.

நோன்பு வைப்பீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. சுற்றி நாலு பேர் நிற்கும்போது ஹஜ் போய்வந்த ஒரு ஹாஜியாரைப் பார்த்து அப்படிக் கேட்பதா? கேட்டாலே வைக்கமாட்டார் என்று சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும். ஆளைச் செருப்பால் அடிக்கிற மாதிரி. அவர் ஆட்கள் வேறு பக்கத்தில். எனக்கு வெட்கமாகிவிட்டது. பேனாவை எடுத்துப் பெட்டியின் மேல் எழுதினேன்: காலை ஒன்று, மாலை ஒன்று, சாப்பாட்டுக்கு முன். "ரமதான் கரீம், ஹாஜியார்" என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவைத்தேன்.

மறுநாள் முதல் நோன்பு. ஜூன் வெயில். மத்தியானம் மூன்று மணிக்குக் கடை ஓய்ந்து கிடந்தது. டாக்டர் சுஹைர் தேநீர் இல்லாத தலைவலியில் யாரைக் கடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அம்மாள் வந்து, "டாக்டரம்மா, சர்க்கரைக்குப் போடுற காலை மாத்திரைய நோன்புல எப்பப் போடுறது?" என்று கேட்டாள்.

"சஹர்ல மட்டும் போட்றாதீங்க. போட்டுட்டுப் பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்தா மயங்கி விழுவீங்க. உங்க டாக்டர்கிட்ட நான் பேசி மாத்தித் தர்றேன், உட்காருங்க" என்றார் சுஹைர்.

ஹாஜியாரின் பெட்டி நினைவுக்கு வந்தது. நேற்று மாலை ஒன்று. விடிவதற்கு முன் சஹர் சாப்பாட்டோடு ஒன்று. பழக்கமில்லாத வீரியம். அதற்கப்புறம் பன்னிரண்டு மணி நேரமாக ஒரு வாய்த் தண்ணீர்கூட இல்லாமல் அந்த மனிதர் ரம்ப மிஷின் முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்.

சீட்டு நகலில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். அந்தப் பட்டறைச் சத்தத்தில் இடி விழுந்தால்கூடக் காதில் விழாது. அம்மாள் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று நின்றேன். அலமாரியில் சரியாக இருந்த பெட்டிகளையே எடுத்து எடுத்து அடுக்கினேன். ஒருவேளை அவர் நோன்பு வைக்கவில்லையோ என்னவோ. ஒருவேளை மாத்திரையை மறந்திருப்பார். சொன்னால் டாக்டர் சுஹைர் கடையை விட்டுத் துரத்துவாரா, கல்லூரிக்கு எழுதிப் போடுவாரா? இப்படி ஐந்து நிமிடம் வீணாக்கினேன்.

அம்மாள் படி இறங்கியதும் சொல்லிவிட்டேன்.

"நோன்பான்னு கேட்டியா?" என்றார் சுஹைர்.

"கேட்கல."

"ஏன்?"

"நாலு பேர் முன்னாடி எப்படி டாக்டர்..."

"பக்கத்துல கூப்பிட்டுக் கேட்கத் தெரியாதா? வாயில கொழுக்கட்டையா?" அவர் கை அதற்குள் சர்க்கரை பார்க்கிற கருவியை எடுத்துப் பையில் போட்டது. குளிர்பெட்டியைத் திறந்து மாம்பழச் சாறு இரண்டு பாக்கெட் எடுத்தார். "நான் கடையை விட்டு நகர முடியாது. நீ ஓடு. எழுபதுக்குக் கீழ இருந்தா குடிச்சே ஆகணும். அவர் விஷயம் அவர் காதுக்கு மட்டும், புரியுதா? ஓடு!"

ஓடினேன். கடைகள் மூடிக் கிடந்த தெருவில் மேல்கோட்டுப் பறக்க ஒரு பெண் ஓடினால் பால்கனியெல்லாம் கண் முளைக்கும். முளைக்கட்டும். ஓடிக்கொண்டே ஓதினேன். யா அல்லாஹ், அவர் கை இருக்க வேண்டும், அவர் கை இருக்க வேண்டும்.

பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜியார்தான் நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது, முகம் வெளிறிப்போயிருந்தது. பலகையைத் தள்ளுவதும் நிறுத்துவதும் திட்டுவதுமாக இருந்தார். வாசலில் கட்டிலுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்த ஒல்லி மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சப்ரி என்ற பெயர் அப்புறம்தான் தெரிந்தது.

"என்ன டாக்டரம்மா, கல்யாணக் கட்டில் பார்க்க வந்தீங்களா? இன்னைக்கு முதலாளிகிட்டப் போகாதீங்க. மொத நோன்பு, யாரைப் பார்த்தாலும் விழுந்து பிடுங்குறார்."

"மிஷினை நிறுத்தச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

யாரோ நிறுத்தினார்கள். அந்த அமைதியில் பதினோரு ஆண்கள் என்னைப் பார்த்தார்கள். ஹாஜியார் கையைப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. பத்தும் நடுங்கின.

"என்ன விஷயம்?" என்றார் எரிச்சலோடு.

அவர் காதுக்கு மட்டும். "நேத்து நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், ஹாஜியார். என் தப்பு. தனியா ரெண்டு நிமிஷம் பேசணும்" என்றேன். பின்னால் ஒருவன் கிசுகிசுத்தான், இன்னொருவன் சிரித்தான். ஹாஜியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூலையில் இருந்த கண்ணாடி அறைக்கு நடந்தார். நடை நேராக இல்லை. நல்லவேளை, கண்ணாடி முழுக்க மரத்தூள் படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

விரலில் குத்திப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு.

"இப்பவே இதைக் குடிக்கணும்" என்று சாறை நீட்டினேன்.

"நோன்பு திறக்க மஃரிப் பாங்கு சொல்ல இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. அதுவரைக்கும் தாங்குவேன்."

"தாங்க மாட்டீங்க. மயக்கம் வரும், வலிப்பு வரும், உயிரே போகலாம். நோயாளிக்கு மார்க்கத்துலயே சலுகை இருக்கு. பின்னால ஒரு நாள் வச்சுக்கலாம்." கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடியே நிதானமான குரலில், நல்ல வார்த்தைகளில், வரிசையாகச் சொன்னேன். சுவரில் போய்ச் சொல்லியிருக்கலாம்.

"பதினோரு வயசுலேர்ந்து ஒரு நோன்பு விட்டதில்ல நான்," என்றார். நாக்கு குழறியது. "வெளியே நிக்கிறவனுங்க எல்லாம் இந்த வெயில்ல நோன்போட ரம்பம் இழுக்குறானுங்க. முதலாளி உள்ள உட்கார்ந்து மாம்பழச் சாறு குடிச்சாராம்னு நாளைக்கு ஊர் பேசும். நீ சின்னப் பொண்ணு, உனக்கென்ன தெரியும்? உனக்கு நோன்பு வைக்க ஒரு தடையும் இல்ல."

தலை சுவரில் சாய்ந்தது. நெற்றியில் வியர்வை ஓடியது. பலவந்தமாக வாயில் ஊற்றவா? வெளியே போய் ஆட்களைக் கூப்பிடவா? கூப்பிட்டால் இவர் என்னை மன்னிக்கவே மாட்டார், குடிக்கவும் மாட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் நேரம்தான் போகும்.

அன்றைக்கு எனக்கும் நோன்பு இல்லை. மாதத்தில் பெண்களுக்கு வருகிற, நோன்பு கூடாத அந்த நாட்கள். எங்கள் வீட்டில் அண்ணன்களுக்குத் தெரியாமல் நாங்கள் ஒளிந்து ஒளிந்து தண்ணீர் குடிப்போம், பாங்கு சொன்னதும் எல்லாரோடும் உட்கார்ந்து பசித்தவர்கள் மாதிரி பேரீச்சம்பழத்தை எடுப்போம். அத்தாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. செத்தாலும் சொல்லமாட்டேன்.

"ஹாஜியார்," என்றேன், "நானும் இன்னைக்கு நோன்பு இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடிதான். புரிந்துவிட்டது. "அஸ்தஃபிருல்லாஹ்" என்று முணுமுணுத்து முகத்தைச் சடாரென்று சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என் காது, கழுத்து எல்லாம் தீயாய் எரிந்தது. இரண்டாவது பாக்கெட்டைக் கிழித்து அவர் எதிரிலேயே குடித்தேன். அவசரத்தில் கோட்டில் கொட்டிற்று. "நான் குடிச்சேன்னு நீங்களும் வெளியே சொல்லாதீங்க. நீங்க குடிச்சதை நானும் சொல்ல மாட்டேன்."

பிறகு அவர் கை மட்டும் நீண்டது. பாக்கெட்டை வாங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டே, பிஸ்மி சொல்லிக் குடித்தார்.

பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அதைப்போல நீளமான பதினைந்து நிமிடத்தை நான் கண்டதில்லை. நான் தரையைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்தார். நடுவில் ஒருமுறை தொண்டையைக் கனைத்தார்.

"எனக்கு மூணு பொண்ணுங்க. அடுப்படியில ஒளிஞ்சு சாப்பிடுதுங்க. அப்பனுக்குத் தெரியாதுன்னு நினைப்பு."

சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். மறுபடி குத்திப் பார்த்தேன். எண்பத்தெட்டு. போன உயிர் திரும்பி வந்தது, எனக்கு.

"மாத்திரையை இனிமே நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க. டாக்டர் சுஹைர் உங்க மருத்துவர்கிட்டப் பேசிட்டு இன்னைக்கே சொல்லுவாங்க. மிஷின் பக்கம் போகவே கூடாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க."

எழுந்தார். கதவைத் திறந்தவர் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பட்டறை நடுவில் நின்று காலிப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"டேய், எல்லாரும் பாருங்க. சர்க்கரை இறங்கிப்போச்சு, நோன்பை விட்டுட்டேன். அல்லாஹ் குடுத்த சலுகை. எவனுக்காவது ஏதாவது சொல்லணும்னா என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். முடிந்தது, தப்பித்தேன், இனி கடைக்குப் போய் டாக்டர் சுஹைரிடம் திட்டு வாங்கினால் போதும் என்று இருந்தது.

சப்ரி வழியில் நின்றார். வார்னிஷ் தூரிகை கீழே கிடந்தது. இப்போது அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார்.

"முதலாளியே சொல்லிட்டாரு, அதான் கேட்குறேன், டாக்டரம்மா. எனக்கும் சர்க்கரைதான். போன வாரம் நீங்கதான் இதுல எழுதிக் குடுத்தீங்க. காலையில ரெண்டுன்னு. சஹர்ல ரெண்டையும் போட்டுட்டேன். காலையிலேர்ந்து எனக்கும் படபடன்னுதான் இருக்கு. மொத நோன்புன்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். எழுத்து என்னுடையதுதான். அவரைப் பார்த்தேன். போன வாரம் கடையில் அந்த முகத்தைப் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை.