முப்பத்தாறு வருஷத்துச் சாவி

வாட்சின் முதுகைத் திறப்பதற்கு முன் இசக்கிதுரை மின்விசிறியை நிறுத்தினார். ஒரு காற்று போதும், உள்ளே இருப்பதெல்லாம் பறந்துவிடும் என்றார். கொச்சி மட்டாஞ்சேரியில் மே மாதம். தெருவிலிருந்து சுக்கு வாடை வந்து கடைக்குள் அப்படியே நின்றது. இருவரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது கஷ்டமாக இல்லை.

வாட்சுக்குப் புளியங்கொட்டை அளவு முகம், மெல்லிய ஸ்டீல் சங்கிலி. நொடிமுள் கிடையாது. எண்பத்தெட்டில் நானும் என் தங்கை ஸுப்ரியாவும் சேர்ந்து எர்ணாகுளம் பிராட்வேயில் வாங்கியது, அப்போதே பழசு. திங்கள் முதல் புதன் வரை என் கையில், மற்ற நாட்கள் அவள் கையில். கைமாறும்போது முழுச் சாவி கொடுத்துத்தான் தர வேண்டும் என்பது நாங்களே வைத்துக்கொண்ட சட்டம்.

ஒரு புதன்கிழமை சாவி கொடுத்தேன், திருகு இனி நகராது என்கிறவரைக்கும். மறுநாள் ஸுப்ரியாவுக்குப் பாங்க் இண்டர்வியூ, பத்தரைக்கு. எர்ணாகுளம் படகுத்துறைப் பக்கத்துப் பார்க்கில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் வாட்சைப் பார்த்தாள், ஒன்பது ஐந்து. நிறைய நேரம் இருக்கிறது என்று மறுபடி படித்தாள். மறுபடி பார்த்தபோதும் ஒன்பது ஐந்து. ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.

"அளவுக்கு மீறிச் சாவி குடுத்து ஸ்பிரிங்கை ஒடச்சுட்டே" என்றாள். அதற்குப் பிறகு அவள் வேறு வேலைக்கு எழுதிப் போடவே இல்லை.

அவளோடு சண்டை என்று ஒன்றும் இல்லை. திருப்பூணித்துறையில் அவள் வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவேன். ஆனால் என் கையிலிருந்து அவள் எதையும் வாங்க மாட்டாள். டம்ளரை நீட்டினால் "அங்க வெச்சுடு அக்கா" என்பாள். வைத்த பிறகு எடுத்துக்கொள்வாள்.

நான் ஒடித்தேனா, இல்லையா? ஒடித்திருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் முப்பத்தாறு வருஷம் இதைத் திறக்கவில்லை.

"ஒடியலம்மா" என்றார் இசக்கிதுரை, கண்ணில் லென்ஸோடு. "ஸ்பிரிங்கு முழுசா இருக்கு. குடுத்த சாவியும் அப்படியே நிக்குது. கூடுதலா சாவி குடுத்து வாட்ச் கெட்டுச்சுன்னு சொல்லுறதெல்லாம் சும்மா கட்டுக்கதை."

"பின்னே ஏன் நின்னுது?"

சாமணத்தின் முனையில் வெள்ளையாக எதையோ எடுத்துக் காட்டினார். "பவுடரு. எண்ணெயோட சேந்து பசையா இறுகிட்டு. கைக்குப் பவுடர் போட்டுக்கிட்டு யாரோ கட்டியிருக்காங்க. நீங்களா?"

"இல்லை."

சங்கிலி பட்ட இடம் வியர்த்து அரிக்கிறது என்று ஸுப்ரியா மணிக்கட்டில் பவுடர் கொட்டிக்கொள்வாள். அந்த வாசனை கூட ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் வேண்டியிருந்த விடை கிடைத்துவிட்டது, கையில் வைத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

"கழட்டிச் சுத்தம் பண்ணணும். மொதல்ல சாவியை எறக்கிடுதேன்."

"எந்தச் சாவியை?"

"நீங்க கடைசியா குடுத்தீங்கல்லா, அதைத்தான்."

அந்தப் புதன்கிழமை என் விரல் கொடுத்த முறுக்கு இன்னும் உள்ளேயே இருந்தது. அம்மா போனாள், அப்பா போனார், என் தலை நரைத்தது. அது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பீரோவின் இருட்டில் கிடந்திருக்கிறது.

"எறக்காதீங்கோ. அந்தச் சாவியிலேயே ஓடப் பண்ண முடியுமா?"

"தொழில் தெரிஞ்சவன் அப்படிச் செய்ய மாட்டான்மா."

"அப்போ தெரியாதவனா செய்யுங்கோ."

சிரித்துவிட்டார். தூரிகை முனையில் ஒரு சொட்டு பெட்ரோல் எடுத்துத் தொட்டார். காத்திருந்தோம். முடியிழை போன்ற சுருள் ஒரு தடவை விரிந்தது, நின்றது. பிறகு விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, ஏதோ சின்ன உயிர் தூக்கத்தில் மூச்சு விடுவதைப்போல.

"மணி பதினொண்ணு பத்து. முள்ளைத் திருப்பி வெக்கட்டுமா?"

"வேண்டாம்."

"சாயங்காலம் வரைக்கும் தாங்குனா உங்க அதிர்ஷ்டம். நின்னதும் கொண்டாந்துடுங்க."

படகில் வாட்சைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். வெளியே பதினொன்றரை, என் கைக்குள் ஒன்பது இருபத்தைந்து. அந்த வியாழக்கிழமை விட்ட இடத்திலிருந்து நகர்ந்துகொண்டிருந்தது. காயல் வெயிலில் வெளுத்துக் கிடந்தது, எது கரை எது தண்ணீர் என்று தெரியவில்லை. பார்க் பெஞ்சில் இருபத்திரண்டு வயது ஸுப்ரியா தலையைத் தூக்கி வாட்சைப் பார்க்கிறாள். முள் நகர்ந்திருக்கிறது. புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்திருக்கிறாள். மெட்ரோவில் திருப்பூணித்துறை வரும்வரை அவள் எனக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தாள்.

கதவைத் திறந்தவள் கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது.

"இந்த வெயில்ல எதுக்கு வந்தே? ஒரு போன் பண்ணப்படாதா?"

"மணி என்ன தெரியுமா? பத்து இருபத்தஞ்சு."

"வெயில் தலைக்கேறிடுத்து ஒனக்கு. பன்னண்டரை ஆயாச்சு."

"ஒன் இண்டர்வியூவுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு." கையை விரித்துக் காட்டினேன். "ஸ்பிரிங் ஒடியலை ஸுப்ரியா. அன்னிக்கு நான் குடுத்த சாவியிலதான் இப்போ ஓடறது."

அவள் என் கைமேல் குனிந்து பார்த்தாள். வாட்சின் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது.

"பின்னே ஏன் நின்னுது?"

"எண்ணெய் காஞ்சுடுத்தாம்."

வாட்சை நீட்டினேன். "அங்க வெச்சுடு" என்பாள் என்று மேஜையைக்கூடப் பார்த்துவிட்டேன்.

அவள் முந்தானையை இழுத்தாள். இடது மணிக்கட்டை அழுத்தித் துடைத்தாள். திருப்பி, உள்பக்கமும் துடைத்தாள். பவுடரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

பிறகு கையை நீட்டினாள்.

"நீயே கட்டி விடு அக்கா."