சாக்கின் இன்னொரு மூலை

1

பிடரி வலிக்கிறது. இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை சுமந்த காலத்தில் கழுத்துக்குக் கீழே புடைத்த சதை இன்னும் அமுங்கவில்லை. குனிந்து எழுத உட்கார்ந்தால் விழித்துக்கொள்கிறது.

என்னிடம் கேட்டது கதையல்ல, கட்டுரை. விழுப்புரத்தில் சிறுபத்திரிகை நடத்தும் தேவநாதன்தான் கேட்டார். "குடியரசுன்றான், ஜனநாயகம்ன்றான், இப்ப தாராளவாத ஜனநாயகம்னு வேற சொல்றான். மூணுக்கும் இன்னா வித்தியாசம்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. கொஞ்சம் ஜல்தியா."

எழுதினேன்.

(குடியரசு என்பது மன்னர் இல்லாத, மக்களே தம் தலைவரைத் தேர்ந்தெடுக்கிற, மேலும்—)

வாக்கியத்தைத் தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை. விட்டுவிட்டேன்.

2

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி. எண்பத்து நாலு டிசம்பர், தேர்தலுக்கு முந்தின வாரம். லாரி வந்து நிற்கிறது, பலகை சாத்தியிருக்கிறது. சவுரிராயன் தலையில் சாக்கைக் கொங்காணியாக மாட்டிக்கொண்டு, முழங்காலில் கையூன்றிக் குனிந்து நிற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் தரையில் மல்லாட்டைப் பருப்பு மூட்டை.

மூட்டை சுமக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எப்பேர்ப்பட்ட பலசாலியும் முழு மூட்டையைத் தன் முதுகில் தானே ஏற்றிக்கொள்ள முடியாது. இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கி விட வேண்டும். நடப்பவன் ஒருவன்தான். ஆனால் மூன்று பேர் இல்லாமல் மூட்டை நகராது.

இன்று தூக்கி விடும் முறை அப்பாதுரைக்கும் பாண்டுரங்கனுக்கும். பாண்டுரங்கன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு லாரி டயரைப் பார்க்கிறான். அப்பாதுரை தன் கால்விரல்களைப் பார்க்கிறான்.

சவுரிராயன் அப்படியே நிற்கட்டும். நான் விளக்கத்தை முடித்துவிட்டு வருகிறேன்.

(நிமிரச் சொல்லக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். மூட்டை ஏறாமல் நிமிர மாட்டானாம்.)

3

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் செட்டுக்கு, மூட்டை சுமக்கிற அந்தக் கூட்டத்துக்கு, ஒரு மேஸ்திரி இருந்தான். பெயர் மண்ணாங்கட்டி. அவனுக்கு முன்னால் அவன் அப்பன் மேஸ்திரி, அவனுக்குப் பின்னால் அவன் மகன் என்று பேச்சு. ஒருநாள் அப்பாதுரை அவனை எதிர்த்துப் பேசினான். (என்ன பேசினான் என்று மூன்று வசனம் எழுதி மூன்றையும் எடுத்துவிட்டேன். வீரமாக வந்தது. உண்மையில் அவன் சொன்னது: "புள்ளைக்கு ஜுரம், நாளைக்கு நான் வரலைங்க.")

மேஸ்திரி செட்டைத் திரும்பிப் பார்த்து, "இவனுக்கு எவனும் தூக்கி உடாதீங்க" என்றான். அடிக்கவில்லை, திட்டவில்லை. குனிந்த அப்பாதுரை குனிந்தபடி கிடந்தான்.

சவுரிராயன் வந்து ஒரு மூலையைப் பிடித்தான். அதைப் பார்த்து வேறொருவன் மறு மூலையைப் பிடித்தான். மூட்டை ஏறியது. மேஸ்திரியின் வார்த்தை அங்கேயே செத்தது. அறுவடை முடிவதற்குள் செட்டுக்கு மேஸ்திரியும் இல்லை. செட்டு எல்லாருக்கும் பொது. எவன் மகனும் பிறந்த உரிமையில் தலைமேல் உட்கார முடியாது.

தேவநாதன், இது குடியரசு.

அதற்குப் பிறகு எதற்கும் கை தூக்கி முடிவு. கூலி பேச யார் போவது, டீ எந்தக் கடையில், எல்லாவற்றுக்கும். அதிகக் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இது ஜனநாயகம். (டீக்கடையில் பெரும்பான்மை தவறு செய்தது. அந்த டீயை நானும் குடித்திருக்கிறேன்.)

இரண்டும் ஒன்றல்ல. மேஸ்திரியை மாலை போட்டு ஓரமாக உட்காரவைத்துவிட்டு எல்லாரும் கை தூக்குகிற செட்டு உண்டு. மேஸ்திரியே இல்லாமல் நாலு பேர் மட்டும் கூடி முடிவு செய்கிற செட்டும் உண்டு. முன்னதில் ஜனநாயகம் இருக்கிறது, குடியரசு இல்லை. பின்னது குடியரசு, அவ்வளவுதான்.

மூன்றாவது சங்கதிக்குத்தான் சவுரிராயன் குனிந்து நிற்கிறான்.

4

வேட்பாளரின் ஆள் வந்திருந்தார். செட்டின் பதிமூன்று ஓட்டும் மொத்தமாக விழுந்தால் மண்டிக்கு மழை தாங்கும் கூரை போட்ட ஷெட்டு. நம்பிக்கைக்கு, ஆளுக்கொரு தடவை சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

"நான் பண்ண மாட்டேன்" என்றான் சவுரிராயன்.

"வேதக்காரன் சூடத்துல அடிக்க மாட்டான்பா. சரி, உன் பைபிளு மேல அடி" என்றான் பாண்டுரங்கன்.

"எதும் மேலயும் அடிக்க மாட்டேன்."

"அப்ப அந்தப் பக்கம் குத்தப் போற."

"நீங்க குத்தற சின்னத்துலயே நானும் குத்தலாம். அது எனக்கும் அந்தப் பொட்டிக்கும். உனுக்கு இன்னாத்துக்கு?"

"நீ சொன்னாத்தான ஷெட்டு?"

"நான் மழைல நனைஞ்சிக்கறேன், போ."

"உங்கூட சேர்ந்து நாங்களும் நனையணும். பேஜாரு புடிச்சவனே."

கை தூக்கினார்கள். இவனுக்கு யாரும் தூக்கி விடக் கூடாது என்று பதினோரு கை. அப்பாதுரை தூக்கவில்லை. எதிர்த்தும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து அவனுக்குத் தலை அரித்தது.

அன்று மேஸ்திரி சொன்ன அதே வார்த்தை. அப்போது ஒரு வாய், இப்போது பதினோரு கை. குனிந்த முதுகுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எத்தனை கை தூக்கினாலும் தொடக் கூடாதது ஒன்று ஒவ்வொருவனிடமும் இருக்கிறது என்று அந்தக் கைகளே முன்கூட்டி ஒத்துக்கொள்வதுதான் தாராளவாத ஜனநாயகம். பலத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். முடிந்தவன் முடிந்ததைச் செய்யாமல் விட்டதை அதிகம் கண்டதில்லை. மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து, நாளை நாம் பலசாலிகளாக இருக்கும்போது நம் கையை நாமே கட்டிக்கொள்வோம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெருமுக்கல் மலையை அடிவாரத்தில் நின்று முதன்முதலாக அண்ணாந்து பார்த்த அன்று வாய் மூட மறந்தது. இதை நினைத்தாலும் அப்படித்தான் ஆகிறது.

[சவுரிராயன் யாருக்கு ஓட்டுப் போடுவான்? எழுதுகிற எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வரி போதும். கதை எழுதுகிறவன் யார் மண்டைக்குள்ளும் நுழையலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வாசல்வரை போனேன். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன்.]

5

அவன் இன்னும் குனிந்துதான் நிற்கிறான்.

மண்டியில் சிந்தினதைக் கூட்டுகிற பாஞ்சாலி துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். இவளை நான் கதைக்குள் கூப்பிடவில்லை.

"இன்னாடா வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்க? அந்தாளு முதுவு ஒடையணுமா?"

"செட்டு முடிவுக்கா. நீ போய் வேலயப் பாரு" என்றான் பாண்டுரங்கன்.

"நான்தான் செட்டுலயே இல்லியே. அன்னிக்கி கை தூக்க வந்தப்ப, உனுக்கு கை இல்ல, போய் கூட்டுன்ன. இப்ப மொளச்சிட்டுது, பாரு."

குந்தி உட்கார்ந்து, மூட்டையின் ஒரு மூலையைப் பற்றி இழுத்தாள். அந்தப் பக்கம் மட்டும் சாய்ந்து எழுந்தது.

"எனக்கு ஒரு பக்கம்தான் வரும், அப்பாதுர."

சவுரிராயன் திரும்பாமலே சொன்னான்: "அவன உடு பாஞ்சாலி. புள்ளகுட்டிக்காரன்."

திட்டியிருந்தால் அப்பாதுரைக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூலையைப் பிடித்தால் அடுத்த முறை கை தூக்கப் போவது தனக்கு எதிராக என்று அவனுக்குத் தெரியும். சாயந்தரத்துக்குள் தானும் இப்படிக் குனிந்து நிற்பான். பிடிக்காவிட்டால் இனி எவன் வேண்டுமானாலும் நிற்பான், தானும்தான். அவன் பிடரி வலிக்க ஆரம்பித்தது, ஒரு மூட்டையும் ஏறாமலே.

6

முடிவு ஒன்று. அப்பாதுரை பிடிக்கிறான். அதைப் பார்த்துப் பாண்டுரங்கன் பீடியை எறிகிறான். தூக்கி விடுவதை இனி ஓட்டுக்கே விடக் கூடாது என்று செட்டு சட்டம் போடுகிறது. படிக்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

முடிவு இரண்டு. பிடிக்கவில்லை. சவுரிராயன் நிமிர்ந்து, கொங்காணியை உதறிவிட்டு, பிரம்மதேசம் பஸ் ஏறிவிடுகிறான். மண்டிக்கு ஷெட்டு வருகிறது. அதன் நிழலில் மீதிப் பேர் டீ குடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர்—

(முடிக்க முடியவில்லை.)

இரண்டில் ஒன்றை எடுத்து அப்பாதுரையின் கையை நானே நகர்த்தலாம். நகர்த்தினால் இந்தக் கதைக்கு நான் மேஸ்திரி. உங்களைக் கை தூக்கச் சொல்லி, அதிகம் பேர் சொன்னபடி நகர்த்தலாம். செட்டு செய்ததும் அதைத்தான். ஆகவே அந்தக் கை அப்பாதுரையிடமே இருக்கட்டும். நீங்கள் இங்கேயே நின்று பாருங்கள். யாரோ பார்க்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியட்டும்.

லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். பாஞ்சாலி பிடியை மாற்றிப் பிடிக்கிறாள். இன்னொரு மூலை தரையில் கிடக்கிறது, அப்பாதுரையின் காலுக்கு அருகில்.

அவன் ஒரு மூட்டை தூக்கி விட வேண்டும். மேஸ்திரி தடுத்த அன்று சவுரிராயனிடம் அவன் பட்ட கடன் அது. இன்னும் தீர்க்கவில்லை.