சிந்தாமணிக்குக் கேட்காத குரல்

சிந்தாமணியைக் கட்டிய மறுவருடமே, தொண்ணூற்றேழில், இளையபெருமாள் கட்டட வேலைக்காகச் சிங்கப்பூர் போனான். அவனுக்குத் தாய் தகப்பன் கிடையாது. அதனால் அவள் தா.பழூருக்குப் பக்கத்தில் தன் அம்மா வீட்டிலேயே இருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம் வரும். அங்கே பெய்கிற மழை, பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டை, மீன்குழம்பில் புளி போதாதது என்று ஒன்றுவிடாமல் நாலு பக்கம் எழுதியிருப்பான். படித்து முடித்து மடித்து வைத்தவள், அடுப்பு மூட்டப் போகிற வழியில் மறுபடி பிரிப்பாள்.

அடுத்த வருடம் விஷக்காய்ச்சலில் இருபது நாள் கிடந்து எழுந்தபோது அவளுக்குக் காது போயிருந்தது. தஞ்சாவூர் வரை போய்ப் பார்த்தும் பலனில்லை. காது கேட்காத பெண்டாட்டி எதற்கென்று மாப்பிள்ளை அங்கேயே தங்கிவிடுவானோ என்று அம்மா கலியம்மாளுக்குப் பயம். யாரும் அவனுக்குச் சொல்லிவிடக் கூடாது என்று ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். சிந்தாமணியும் ஒவ்வொரு கடிதத்திலும் அதைச் சொல்ல ஆரம்பித்து, நடவைப் பற்றி எழுதி முடித்துவிடுவாள்.

இரண்டாயிரத்தில் அவன் கடிதம் திடீரென்று நின்றது. மூன்று மாதம் கழித்து, கடைவீதியில் டெலிபோன் பூத் வைத்திருந்த ஜெயசுதா ஆள் அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இளையபெருமாள் பேசுவானாம்.

சிந்தாமணி போய் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. குத்துமதிப்பாக, நல்லா இருக்கேன், சாப்பிட்டீங்களா என்றாள். வெளியே நின்று பார்த்த ஜெயசுதாவுக்கு மனம் தாளவில்லை. அடுத்த வாரத்திலிருந்து இன்னொரு ரிசீவரில் அவளே கேட்டு நோட்டில் எழுதிக் காட்டினாள். அவன் பத்து வார்த்தை பேசினால் நோட்டில் மூன்றுதான் வந்து சேரும். குரல் எப்படி இருந்தது என்று சிந்தாமணி வாராவாரம் கேட்பாள். அதற்கு ஜெயசுதா என்ன எழுதுவாள்?

ஒரு ஞாயிறு, எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டாள். சிந்தாமணி அவள் கையைப் பிடித்து, அவன் கேட்டதை அப்படியே எழுதச் சொன்னாள். 'நான் ஒன்னு கேட்டா நீ ஒன்னு சொல்ற. என்மேல ஆசை விட்டுப்போச்சா?'

"நீயே சொல்லிடு ஜெயா. இனிமே என்னால முடியாது" என்றாள் சிந்தாமணி.

ஜெயசுதா சொன்னாள். பிறகு அவன் பேசப் பேச நோட்டில் ஒரு பக்கம் நிறைந்தது. இரும்புச் சட்டம் விழுந்து வலது கையில் மூன்று விரல் போய்விட்டதாம். இப்போது ஸ்டோர் காவல் வேலையாம். பேனா பிடிக்க முடியவில்லை. பெண்டாட்டிக்கு இன்னொருத்தனை விட்டு எழுதச் சொல்ல மனம் வரவில்லை. விஷயத்தைச் சொன்னால் அழுவாளே என்றுதான் போனில் பேச ஆரம்பித்தானாம். கடைசி வரியை ஜெயசுதா தானாக எழுதினாள். 'அண்ணன் அழுவுறாருக்கா.'

சிந்தாமணி ரிசீவரை வாங்கி மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். லைன் அறுந்து வெகுநேரமாகியும் அவள் அதை வைக்கவில்லை.

நாற்பது நாளில் இடது கையால் எழுதிய கடிதம் வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துபோலக் கோணலாக, பக்கத்துக்கு நாலு வரி. இரண்டாயிரத்து இரண்டில் லீவில் வந்து இரண்டு மாதம் இருந்தான். அவன் வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க அவள் பழகுவதற்குள் லீவு முடிந்தது.

நாலு வருடம் கழித்து ஊர்க்காரர் முத்துசாமியிடம் ஒரு செல்போன் கொடுத்தனுப்பினான். அதில் தமிழ் எழுத்து இல்லை. பூத்துக்கு ஆள் வராமல் ரீசார்ஜ் கார்டு விற்றுக்கொண்டிருந்த ஜெயசுதாவிடம் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டப் பழகினாள். அவனுக்கு இடது கட்டைவிரல் போதுமாக இருந்தது. 'மழையா', 'சாப்டியா', 'தூங்கு' என்று தினமும் வந்தது. வந்ததெல்லாம் ஒரு வரி, இரண்டு வரிதான்.

கார்த்திகையில் ஒருநாள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, எப்ப வருவீங்க என்று கேட்டாள். இன்னும் ரெண்டு வருசம் என்று பதில் வந்தது. சரி என்று தட்டினாள். அனுப்பாமல் அதை அழித்துவிட்டு, எழுத்துக்கூட்டி எழுத ஆரம்பித்தாள். அதற்குள் தா.பழூர் பஸ் வந்து போய்விட்டது.

'உங்க கொரல் எனக்கு மறந்தே போச்சு. மொகமும் மறக்கறதுக்குள்ள வந்துடுங்க.'

மறுநாள் காலையில்தான் பதில் வந்தது. மாசியில வரேன், இனிமே போவல.

மாசிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.