இரண்டரை அளவு வளையல்

"உள்ள இருக்கிற பாப்பாவுக்கு வளையல் சத்தம் கேக்குமா அத்தை?"

நான்கு வருடங்களுக்கு முன், சிவசக்தியின் வளைகாப்பு அன்று, லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராச் சிறுமி இப்படிக் கேட்டாள். "கேக்கும்டி, நல்லாக் கேக்கும்" என்று சிவசக்தி இரண்டு கைகளையும் குலுக்கிக் காட்டினாள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அதன் பிறகு சிவசக்திக்கு எதுவும் சரியாகக் கேட்பதில்லை. காதில் குறை ஒன்றும் இல்லை. சத்தம் வரும், உள்ளே போய்ச் சேராது, அவ்வளவுதான்.

இப்போது அவள் புருஷனின் தங்கை விதுர்ஷாவுக்கு ஏழாம் மாதம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்திலேயே வளைகாப்பு வைத்தார்கள்.

முந்தின நாள் மாமியார் விஜயலெட்சுமியோடு சிவசக்தி பதுளை டவுனுக்குப் போனாள். வளையல் கடை ஜுனைதீன் நானா சிவப்பும் பச்சையுமாக எடுத்துப் பரப்பினார்.

"ரெண்டே கால் அளவுல குடுங்க நானா."

"மாசமா இருக்கிற புள்ளட கை ஊதியிருக்குமே அக்கா?"

"கல்யாணத்துக்கும் அந்த அளவுதான் போட்டா. நான் பெத்த புள்ள கை எனக்குத் தெரியாதா?"

"பெத்த நேரம் ரெண்டே காலும் இருந்திருக்காதே!" என்று நானா சிரித்தார். மாமியாருக்கும் சிரிப்பு வந்தது. அளவை மட்டும் மாற்றவில்லை.

மாமியார் பலூன் பார்க்க நகர்ந்தபோது சிவசக்தி மெதுவாகச் சொன்னாள்: "அதே நிறத்துல ரெண்டரையும் தாங்க நானா." ஏன் கேட்டோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. ஏழாம் மாதத்தில் வீங்கியதை அவள் கைகள் மறந்திருக்கவில்லை.

ஞாயிறு காலை சுவரில் சேலைகளைக் கொசுவி ஊசி குத்தினாள். பலூன் கட்டினாள், கிரேப் பேப்பரில் பூச் செய்தாள், கோயிலில் இரவல் வாங்கிய லைட்டை வாசலில் சுற்றினாள்.

"அடியே சக்தி, கல்யாண வீடு தோத்துச்சு போ!" என்றாள் பக்கத்துக் காம்பரா ராமாமிர்தம்.

மாமியார் அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "கோவிச்சுக்காத சக்தி. வளையல் போடுற நேரம் நீ சோத்துப் பக்கம் பாத்துக்க. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

"சரிங்க மாமி."

விஜயலெட்சுமி கெட்டவள் இல்லை. மகளை நினைத்துப் பயந்தாள். பயந்த மனுஷியைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் விதுர்ஷாவின் கையில் ஒரே ஒரு வளையலாவது போட வேண்டும் என்றுதான் சிவசக்தி அந்த வீட்டை அப்படி அலங்கரித்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில், சிவசக்தியின் வீங்கிய கையிலிருந்து வளையல்களைத் தாதிமார் உடைத்து எடுக்கத்தான் பார்த்தார்கள். கூட வந்திருந்த விதுர்ஷா, அப்போதுதான் பாடசாலை முடித்த பெண், "வேணாம் மிஸ்ஸி, நான் கழட்டுறேன்" என்றாள். சவர்க்காரத்தை நுரைத்துத் தடவி, ஒவ்வொன்றாக உருவி, ஒன்றோடொன்று மோதாமல் தன் சால்வைக்குள் வைத்தாள். வளையல் சத்தம் இனி யாருக்கு என்று அண்ணி நினைத்துவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. அதைப் பற்றி அவள் பின்னால் ஒரு வார்த்தை பேசியதில்லை. சிவசக்தியும் நன்றி சொன்னதில்லை. சாமி சில நேரம் வரத்தைத் தராமல், ஒரு துண்டுச் சவர்க்காரத்தையும் அதைப் பிடிக்க ஒரு கையையும் தருகிறது.

புளிச்சோற்றைக் கிளறிக்கொண்டு நின்றவளுக்கு முன்னறைப் பேச்சு வந்தது.

"கைய நல்லா மடக்குடி!"

"அம்மா, வலிக்குது. இறுக்குதும்மா."

"பொறுத்துக்க. புள்ள பொறக்கிற வரைக்கும் கழட்டப்புடாது."

யாரோ சிரித்தார்கள். யாரோ குலவையிட்டார்கள். சிவசக்தி உப்புப் பார்த்தாள். நாக்கிலும் ஒன்றும் தெரியவில்லை.

எல்லோரும் வாசலில் சாப்பிட உட்கார்ந்த பிறகு, அவள் உள்ளே போனாள். அசதியில் விதுர்ஷா கட்டிலில் அடித்துப் போட்டது போல் தூங்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் கண்ணாடி பதிந்து சிவந்திருந்தது.

சிவசக்தி கதவைச் சாத்தினாள். கோப்பையில் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தாள். நுரையைத் தடவி, சிறிய வளையல்களை ஒவ்வொன்றாக உருவித் தன் முந்தானையில் வைத்து முடிந்தாள். ஒன்றுகூட மோதவில்லை. சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பு, பச்சை இருந்த இடத்தில் பச்சை என்று பெரிய வளையல்களைப் போட்டாள். ஒரு கை நிறைந்த பிறகுதான் மற்றக் கையைத் தொட்டாள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வெறுமையாக இருக்கக் கூடாது அல்லவா?

வெளியே ராமாமிர்தம் இன்னொரு கரண்டி சோறு கேட்டாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஈரத்தைத் துடைத்து, விதுர்ஷாவின் கையைத் தூக்கி அவள் வயிற்றின் மேல் வைத்தாள். வளையல்கள் ஒரு தடவை குலுங்கின.

சிவசக்திக்குக் கேட்டது.