ஒரு குளியலில் போகும் நிறம்

மகள் தலையணைமேல் பழைய துண்டை விரித்துவிட்டு, தலைமுடிக்கு நிறமடிக்கும் ஸ்பிரே டப்பாவைக் குலுக்கினாள். ஒருமுறை அழுத்தியதுமே அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"போதும் வாலு. நோயை முந்திக்கிட்டு நீயே என்னை அனுப்பிடுவ போல."

நாற்பது வயதிலும் அவள் அம்மாவுக்கு வாலுதான். ஜன்னலைத் திறந்துவிட்டு, கடைப்பையில் மீதி இருந்தவற்றைக் கட்டிலில் பரப்பினாள். முடியில் தேய்க்கும் நிறச் சாக்குக்கட்டி ஒன்று, மெழுகுபோல் குழைவான களிம்பு இரண்டு டப்பி. நிரந்தரச் சாயத்தை இந்தத் தோல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சிகிச்சையில் கொட்டிய முடி இப்போது விரல் நீளத்துக்கு வெள்ளைப் பஞ்சாக முளைத்திருந்தது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. மறதி நோய் ஏற்கெனவே அவர் நினைவில் நிறையத் தின்றுவிட்டிருந்தது. அறை வாசலில் நின்று, "இந்தம்மா யாரு? எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்று மகளிடம் மரியாதையாகக் கேட்பார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நேற்றுதான் வாய்விட்டுச் சொன்னாள். "தலைக்கு ஏதாவது பூசிவிடேன். ஒரு தடவையாவது அவர் என்னைப் பார்க்கட்டும்."

சாக்குக்கட்டியைத் தேய்த்துப் பார்த்தார்கள். நிறம் ஏறியது, ஆனால் தூள் புருவமெல்லாம் உதிர்ந்தது. கண்ணாடியைப் பார்த்து அம்மா, "செங்கல் சூளைலேர்ந்து வந்தவ மாதிரி இருக்கேன்" என்றாள். துடைத்துவிட்டுக் களிம்பைத் திறந்தாள் மகள். ஒன்று கருப்பு, ஒன்று அடர்பழுப்பு.

"கருப்பு வேணாம். தொப்பி வெச்ச மாதிரி இருக்குன்னுவார் உங்கப்பா."

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் மகளுக்கு நினைவு வந்தன. அப்பா பஸ் ஓட்டாத நாள் அது ஒன்றுதான். பால்கனியில் அம்மாவை முக்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் செய்தித்தாளைச் சுற்றி, பழைய டூத்பிரஷால் வகிடு வகிடாகச் சாயம் பூசுவார். "ஆடாதே, ரோடு கோணுது" என்பார். அம்மா சிரிக்கச் சிரிக்க நெற்றியில் கோடு விழும். மறுநாள் டெலிபோன் ஆபீசுக்கு அந்தக் கறையோடுதான் போவாள்.

"இது எத்தனை நாள் நிக்கும்?"

"ஒரு தடவை குளிச்சா போயிடும்மா."

"அது போதும்."

பூசி முடித்ததும் மகள் அப்பாவைக் கைபிடித்து அழைத்து வந்தாள். அவர் வாசலிலேயே நின்று பார்த்தார். அம்மா மூச்சுவிடவும் பயந்தவள் போலக் கிடந்தாள்.

"யார் பூசினது இது?" கோபமாகத்தான் கேட்டார். "காதுக்குப் பின்னாடி வெள்ளையா அப்படியே நிக்குது. நான் வர்ற வரைக்கும் இருக்கக் கூடாதா நீ?"

கட்டிலில் உட்கார்ந்து டப்பிக்குள் விரலை விட்டார். காது மடலை மெல்ல மடக்கிப் பூசினார்.

"ஆடாதே."

"ஆடலை டிரைவரே" என்றாள் அம்மா.

மகள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். சேதி கேட்டு வந்து, உடம்பைத் துடைக்க வெந்நீரோடு நின்ற சித்தியிடம், "தலை மட்டும் வேணாம் சித்தி" என்றாள் மகள். சித்தி துணியை நனைத்துப் பிழிந்து பாதங்களிலிருந்து தொடங்கினாள்.

அப்பா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை விரல்களில் பழுப்பு காய்ந்திருந்தது. மகள் ஈரத்துணியோடு அவர் எதிரே குந்தினாள்.

"கையக் குடுங்கப்பா."

அவர் இடது கையை நீட்டினார்.